அழிந்துவரும் விலங்குகளை அடைப்பில் வைத்துப் பெருக்கும் வேலை: பயிற்சி எங்கே கிடைக்கும்?

உப்பங்கழி:

வணக்கம். எனக்கு ஊர் கடலூர் முதுநகர். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்து ஒரு வருடம் ஆகிறது. அழிந்துகொண்டிருக்கும் விலங்குகளை அடைப்பில் வளர்த்து, குட்டி போட வைத்து, மறுபடி காட்டில் விடுகிறார்களே, அந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசை. எங்கே போய்க் கற்பது, யார் சொல்லித் தருகிறார்கள், படித்து முடித்தால் வேலை என்று ஒன்று இருக்கிறதா, எதுவும் தெரியாமல் நிற்கிறேன்.

ஆசை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பருவம், தையில் தொடங்கிப் பங்குனி முடியும்வரை, எங்கள் பக்கத்துக் கடற்கரையில் பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கும் குழுவோடு ராத்திரியில் நடந்தேன். முதல் பருவத்தில் ஒரு நாள் தகவல் தாமதமாக வந்தது. ஆமை முட்டையிட்டுக் கடலுக்குத் திரும்பி வெகுநேரம் ஆகியிருந்தது. விடிந்த பிறகு போய்த் தோண்டி, 112 முட்டைகளை வாளியில் போட்டு, பைக்கில் மணல் மேட்டில் குதித்துக் குதித்துக் கொண்டுவந்து புதைத்தோம். 45 நாள் ஆனது, 60 நாள் ஆனது, ஒரு குஞ்சுகூட மேலே வரவில்லை. பக்கத்துக் குழிகளில் எல்லாம் பொரித்துக் கடலுக்கு ஓடின. கடைசியில் அதைத் தோண்டியபோது வந்த நாற்றம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. ஏன் இப்படி ஆனது என்று கேட்டேன். சில குழி அப்படித்தான் என்றார்கள். அந்தப் பதிலோடு என்னால் இருக்க முடியவில்லை.

வீட்டில் குரூப் 2 எழுதச் சொல்கிறார்கள். அப்பா திட்டுகிறவர் இல்லை. "முட்டைக்குக் காவல் இருக்க எதற்குடா எம்.எஸ்சி.?" என்று நிதானமாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கீப்பர்:

தம்பி, முதலில் அந்த 112 முட்டை.

கோழி அடையில் இருக்கும்போது முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கும், திருப்பாவிட்டால் கெட்டுப்போகும். ஆமைக்கும் முதலைக்கும் இது நேர் எதிர். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு மேல்பக்கமாக ஏறி ஓட்டின் உள்தோலில் ஒட்டத் தொடங்கிவிடும். ஒட்டிய பிறகு முட்டை உருண்டால் அந்தப் பிடி விட்டுப்போய்க் கரு செத்துவிடும். அதனால்தான் இட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துப் புதைக்க வேண்டும் என்பார்கள். தாமதமாகிவிட்டால், ஒவ்வொரு முட்டையையும் எடுக்கும் முன்பே மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வானத்தைப் பார்த்தபடியே தூக்கி, அப்படியே வைத்து, குலுங்காமல் நடந்து கொண்டுவர வேண்டும். முதலைப் பண்ணையில் சேர்ந்த முதல் மாதமே எங்களுக்குச் சொல்லித் தந்தது இந்தப் பென்சில் கோடுதான். உங்கள் வாளியும் பைக்கும் சேர்ந்துதான் அந்தக் குழியைக் கெடுத்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, சொல்லித் தர ஆள் இல்லாமல் போனது. நீங்கள் கேட்கும் பயிற்சி எதற்கு என்று அப்பா கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

நான் 18 வருடம் கீப்பராக இருந்தவன், இப்போது மரக்காணத்தில் வீட்டோடு இருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றது. என்னோடு வேலை பார்த்த இருளர் அண்ணன் ஒருவர் பள்ளிக்கூடமே போகாதவர். மணலில் கையை வைத்துப் பார்த்து இந்த இடத்தில் முட்டை இருக்கிறது என்பார், இருக்கும். அவரிடம் கற்றதுதான் எனக்குப் பாதிக்கு மேல்.

அப்புறம் சூடு. முட்டை எந்தச் சூட்டில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பதே முடிவாகும். ஆமைக்கு 29, 30 டிகிரியைச் சுற்றி இரண்டும் கலந்து வரும். மணல் அதற்கு மேல் சூடேறினால் எல்லாம் பெண், குளிர்ந்தால் ஆண். நம் ஊர் முதலைக்கு 31 வரை எல்லாம் பெண், 32.5 பக்கம் ஆண். இந்த முதலைக் கணக்கைச் சென்னை முதலைப் பண்ணையில் முட்டைகளை வெவ்வேறு சூட்டில் வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள், 1980களில். உங்கள் பொரிப்பகத்துக்கு மேலே கீற்று போட்டிருக்கிறீர்களா? மணலுக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்த வழக்கம் உண்டா? பங்குனி வெயிலில் திறந்த மணலில் புதைத்தால் வருவதெல்லாம் பெண்ணாகவே இருக்கலாம், இன்னும் ஏறினால் எதுவுமே வராது.

உப்பங்கழி:

அண்ணா, இரண்டு முறை படித்தேன். நாங்கள் கீற்று போட்டதில்லை. சுற்றி நாய் வராமல் வலை மட்டும் கட்டினோம். தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது, முதல் வாரம் எழுதினோம், அப்புறம் எழுதுகிறவர் ஊருக்குப் போய்விட்டார்.

பொரிப்பகத்தில் செய்வதை அடைப்பு இனப்பெருக்கம் என்று சொல்லலாமா?

பழைய_கீப்பர்:

சொல்ல முடியாது தம்பி. ஆமை கடலில் சேர்ந்து, தானே கரையேறி இட்ட முட்டை அது. நீங்கள் நாயிடமிருந்தும் ஆளிடமிருந்தும் அதைக் காப்பாற்றி அன்றைக்கே கடலில் விடுகிறீர்கள். இதற்கு அடுத்த படி, காட்டு முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சை ஓரளவு வளர்த்து விடுவது. அதற்கும் அடுத்த படிதான் தாயும் தந்தையும் அடைப்பிலேயே இருந்து, சேர்ந்து, பெற்று, அந்தப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்புவது. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மூன்றாவதுக்குச் செலவும் அதிகம், தவறு செய்தால் இழப்பும் அதிகம். காட்டில் வேறு வழியே இல்லை என்ற நிலையில்தான் அங்கே போக வேண்டும்.

மன்னம்பந்தல்_88:

தம்பிக்கு ஒன்று. தூரம் எல்லாம் தேட வேண்டாம். மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் என்று தனிப் படிப்பே நடந்துவருகிறது, நான் அங்கே படித்தவன். உதகை அரசு கலைக் கல்லூரியிலும் உண்டு. அடுத்து டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம், 1982இல் தொடங்கியது, அங்கே சேர நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தமிழ்நாட்டுக்குள் வண்டலூரில் வனத்துறையின் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் இருக்கிறது, அதையும் விசாரியுங்கள்.

ஆனால் இதில் எதிலும் அடைப்பு இனப்பெருக்கம் என்று போட்டு ஒரு பட்டம் தருவதில்லை. பட்டம் விலங்குகளைப் பற்றிச் சொல்லித் தரும். வேலையைக் கற்றுக்கொள்வது எங்கேயாவது ஒரு மையத்தில் ஆறு மாதம் தொட்டி கழுவும்போதுதான். அண்ணன் சொன்ன சென்னை முதலைப் பண்ணை வடநெம்மேலியில்தான் இருக்கிறது, அங்கே தன்னார்வலர்களை எடுப்பது உண்டு. கடலூரிலிருந்து புதுச்சேரி வந்து ஈசிஆர் வண்டி பிடித்தால் மகாபலிபுரம் தாண்டி வழியிலேயே இறங்கலாம். கடிதம் எழுதும்போது இந்த 112 முட்டைக் கதையை மறைக்காமல் எழுதுங்கள். நான் ஆள் எடுக்கிற இடத்தில் இருந்திருந்தால் மதிப்பெண்ணைவிட அதைத்தான் பார்ப்பேன்.

சம்பளம் பற்றியும் மறைக்கக் கூடாது. பெரும்பாலும் திட்ட உதவியாளர் வேலைதான், ஒரு வருடம் இரண்டு வருட ஒப்பந்தம், திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். எனக்கு 34 வயதுவரை அப்படித்தான் போனது, நடுவில் எட்டு மாதம் கையில் காசே இல்லை. கல்யாணம் தள்ளிப்போனது. அப்பாவோடு பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள், பின்னால் தெரிந்தால் மனம் கசந்துபோகும்.

கால்நடை_மூன்றாம்_ஆண்டு:

நான் புதுச்சேரியில் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பாறு கழுகுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சை விட முடியாது, ஏனென்றால் அவற்றைக் கொன்ற ஊசி எங்கள் துறையின் கையில் இருந்த ஊசி.

1990களில் வட இந்தியாவில் பாறுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கும் மேல் அழிந்துவிட்டது. காரணம் வெகுநாள் தெரியவில்லை. 2004இல்தான் டைக்ளோஃபெனாக் என்று உறுதியானது. மாட்டுக்கு வலிக்குப் போடுகிற ஊசி. மாடு செத்ததும் அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுச் சில நாளில் சாவு. 2006இல் கால்நடைக்குத் தடை செய்தார்கள். ஹரியானா பிஞ்சோரில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அடைப்பு இனப்பெருக்க மையம் வைத்தது 2004இல். பாறு வருடத்துக்கு ஒரே முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிட ஐந்து வருடம்வரை ஆகிவிடும். முதல் முட்டையை எடுத்துக் கருவியில் பொரிக்க வைத்தால் அந்த ஜோடி இன்னொன்று இடும், அப்படித்தான் எண்ணிக்கையைக் கூட்டினார்கள்.

இப்போது கேளுங்கள். பிஞ்சோரில் வளர்ந்த வெண்முதுகுப் பாறுகளைத் திறந்து விட்டது 2020இல். பதினாறு வருடம்! பறவை தயாராகாமல் இல்லை. வெளியே இருக்கிற செத்த மாட்டில் மருந்து இல்லை என்று நம்ப முடியாததுதான் காரணம். தடைக்குப் பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள், 2015இல் அந்தக் குப்பி அளவையும் குறைக்க வேண்டிவந்தது. 2023இல் அதே மாதிரி வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், ஏசிகுளோஃபெனாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். ஒரு மருந்தை நிறுத்தினால் பக்கத்து மருந்து வந்து நிற்கிறது.

நம் மாநிலத்தில் நீலகிரி பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு வைக்கின்றன. அவற்றைக் காப்பாற்றுவது பாதிக்குப் பாதி மருந்துக்கடையிலும் மாட்டுத் தொழுவத்திலும் நடக்கிற வேலை. உப்பங்கழி, நீங்கள் எந்த விலங்கை எடுத்தாலும் முதலில் அது ஏன் குறைந்தது என்று கேளுங்கள். காரணம் அப்படியே இருக்கும்போது பெருக்கி என்ன செய்வது?

நோய் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜூனில் வண்டலூரில் கொரோனா வந்து இரண்டு சிங்கங்கள் இறந்தது நினைவிருக்கும். அடைப்பில் எல்லாம் நெருக்கமாக இருக்கும், ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். அதனால் புதிதாக வரும் விலங்கைத் தனியே வைத்துப் பார்ப்பது, காலணியை மருந்துத் தண்ணீரில் நனைப்பது, ஒரு அடைப்பின் வாளியை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது, இதெல்லாம் சலிப்பாகத் தெரியும். சலிப்பில் ஒரு நாள் விட்டால் போதும், ஒரு இனத்தின் கடைசிக் கூட்டமே போய்விடலாம்.

கொள்ளிடக்கரை:

எல்லோரும் நன்றாகப் பேசுகிறீர்கள். நான் சிதம்பரம் பக்கம், பழைய கொள்ளிடக் கரையில் இருக்கிறேன். எங்கள் ஊரில் முதலை அழிந்துவரும் விலங்கு இல்லை. வேளக்குடி, அகரநல்லூர், பழையநல்லூர் என்று எந்த ஊரில் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். ஆடு போயிருக்கிறது, கன்று போயிருக்கிறது, ஆளும் போயிருக்கிறது. என் சித்தப்பா மாடு குளிப்பாட்டப் போய்க் கையைக் கொடுத்துவிட்டு வந்தார். இப்போதும் இடது கையால்தான் சாப்பிடுகிறார், பந்தியில் உட்கார மாட்டார், கூச்சம்.

வனத்துறை வந்து பிடித்து வக்காரமாரி ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அடுத்த மழைக்கு வாய்க்காலில் வேறொன்று நிற்கும். அதுவேதான் திரும்பி வந்தது என்று ஊரில் சொல்வார்கள். நீங்கள் எல்லாம் முட்டைக்குப் பென்சில் கோடு போட்டுப் பாதுகாத்துப் பெருக்கி எங்கே விடப்போகிறீர்கள்? எங்கள் துறையிலா? படித்துறைக்குப் போகிற எங்கள் பெண்களிடம் யாராவது கேட்டீர்களா? கோபத்தில் எழுதவில்லை. பதில் வேண்டும்.

பழைய_கீப்பர்:

ஐயா, உங்கள் சித்தப்பாவுக்கு நேர்ந்ததைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. நான் வேலை பார்த்த இடங்களில் இந்தக் கேள்வி தாமதமாகத்தான் வந்தது.

தோலுக்காகச் சுட்டுச் சுட்டு 1970கள் தொடக்கத்தில் இந்தியாவில் மூன்று வகை முதலையும் அருகிப்போயிருந்தன. 1972இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1975இல் முதலைத் திட்டம் தொடங்கியது, காட்டு முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, ஓராளுக்கு இடுப்பளவு நீளம் வளர்ந்த பிறகு ஆற்றில் விட்டார்கள். 1976இல் பாம்பு, முதலை ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் மற்றவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே முதலைப் பண்ணையைத் தொடங்கினார்கள். நம் நன்னீர் முதலை அங்கே நினைத்ததைவிட நன்றாகப் பெருகியது. காட்டில் வருடத்துக்கு ஒரு முறை முட்டையிடுவது, அடைப்பில் நல்ல தீனியும் வெயிலும் கிடைத்ததும் ஒரே வருடத்தில் இரண்டு முறை இட்டது. ஒரு தடவைக்கு இருபத்தைந்து முப்பது முட்டை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சில வருடத்தில் குளம் குளமாக முதலை நிறைந்தது, விடுவதற்கு ஆறு இல்லை. ஆறு இருந்த இடத்தில் உங்களைப் போல மக்கள் இருந்தார்கள். கடைசியில் ஆணையும் பெண்ணையும் பிரித்து வைப்பதும், இட்ட முட்டையைப் பொரிக்க விடாமல் எடுப்பதும் வேலையாகிவிட்டது. காலையில் முட்டையைக் காப்பாற்றப் பழகிய கையாலேயே முட்டையை எடுத்து அழித்திருக்கிறேன். அந்த நாட்கள் எனக்கு நன்றாக இல்லை.

ஆனால் அதே பண்ணையில் சொம்புமூக்கு முதலையும் இருக்கிறது. அது மீன் தின்னும், ஆளைத் தின்பதில்லை. வடக்கே சம்பல் ஆற்றில்தான் அதிகம், உலகத்திலேயே மிகக் குறைவாக மிஞ்சியிருக்கிற முதலைகளில் ஒன்று. அதற்கு அடைப்பில் ஒரு கையிருப்பு வேண்டியிருக்கிறது. அதனால் முதலை என்று ஒரே பெயரில் பேசினால் உங்களுக்கும் நியாயம் கிடைக்காது, அதற்கும் கிடைக்காது. கொள்ளிடத்துக்கு இன்னொரு முதலைகூட வேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். அங்கே தேவை கம்பி வேலி அடித்த படித்துறை, எந்த மடுவில் எத்தனை இருக்கிறது என்ற கணக்கு, முட்டை வைக்கும் மாசி பங்குனியில் எந்தக் கரையை ஒதுக்கி நடக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருப்பது.

புதுவை_ஆசிரியர்:

கொள்ளிடக்கரை ஐயாவின் கேள்வியை நான் பள்ளியில் பிள்ளைகளிடம் கேட்கப்போகிறேன். நாங்கள் பாடத்தில் பாதி கதைதான் சொல்கிறோம்.

பயிற்சி என்று கேட்டதால் ஜெர்சி தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெரால்ட் டரல் 1925இல் பிறந்தது நம் ஜாம்ஷெட்பூரில். 1959இல் ஜெர்சியில் அவர் ஒரு விலங்குக்காட்சியகம் தொடங்கினார், வேடிக்கை காட்டுவதற்காக இல்லை, அழியப்போகிற சின்னச் சின்ன விலங்குகளைப் பெருக்குவதற்காக. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. விலங்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு ஆட்களை வரவழைத்துப் பழக்கினார். 1977இல் வந்த முதல் மாணவர் மொரீஷியஸ்காரர். அந்தத் தீவில் 1974இல் ஒரு சின்ன வல்லூறு, கெஸ்ட்ரல் என்பார்கள், காட்டில் தெரிந்தவரை நான்கே நான்குதான் இருந்தது. கார்ல் ஜோன்ஸ் என்பவர் அங்கே போய், முதல் ஈட்டு முட்டைகளை எடுத்து வளர்த்து, பறவையை இரண்டாவது முறை இட வைத்து, காட்டுப் பறவைகளுக்குத் தீனியும் வைத்து, அதைச் சில நூறாக்கினார். உள்ளூர் ஆட்கள் பழகியதால்தான் அது நின்றது. வெளிநாட்டு நிபுணர் வந்து போனதோடு முடிந்திருந்தால் நின்றிருக்காது.

அசாமில் குள்ளப்பன்றிக்கு நடப்பதும் டரலின் ஜெர்சி அமைப்பின் துணையோடுதான். பத்து இஞ்ச் உயரம், உயரமான புல்வெளியில் மட்டும் வாழும். 1996இல் மானஸிலிருந்து ஆறு பன்றிகளைப் பிடித்து குவஹாத்தி பக்கம் வசிஷ்டாவில் வைத்தார்கள். 2008இல் முதல் முறையாகக் காட்டில் விட்டார்கள். விடுவதற்கு முன்பு சில மாதம், காட்டுப் புல்லையே வளர்த்த ஒரு அடைப்பில், ஆள் முகம் படாமல் வைத்திருப்பார்கள். தானே மண்ணைக் கிளறித் தின்னவும் கூடு கட்டவும் பழக வேண்டுமே.

பரங்கி_கடல்:

பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் சில காலம் இருந்தேன். விலங்கு என்றதும் எல்லோரும் கழுகு, முதலை என்கிறீர்கள், கடலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

கோமாளி மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அழியும் இனம் இல்லை, ஆனால் கை பழக அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஜோடி சேர்ப்பதே ஒரு பாடம். எல்லாக் குஞ்சும் ஆணாகவே வளரும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். அதனால் சின்னதும் பெரியதுமாக இரண்டை விட்டால் தானே ஜோடியாகும். முட்டையிட்டு ஏழெட்டு நாளில், இருட்டிய பிறகு பொரிக்கும். பொரித்ததும் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போய்விட்டேன் ஒரு முறை. காலையில் வந்தால் தொட்டி முழுக்கச் செத்துக் கிடந்தன. அந்தக் குஞ்சின் வாய்க்குள் போகிற அளவில் உயிருள்ள தீனி வேண்டும், ரோட்டிஃபர் என்கிற கண்ணுக்குச் சரியாகத் தெரியாத உயிரி. அதை வளர்க்கப் பச்சைப் பாசி வேண்டும். அதாவது மீன் முட்டையிடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பாசித் தொட்டி தயாராக இருக்க வேண்டும். எனக்கு அன்று தயாராக இல்லை. உப்பங்கழி தம்பி அந்தக் குழியைத் தோண்டியபோது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஓட்டுவீடு:

ஒரு சந்தேகம். நட்சத்திர ஆமை ஒன்று எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து இருக்கிறது, ஒரு ஜோடி வாங்கிச் சேர்த்தால் குட்டி வருமா? அதுவும் காப்பாற்றுவதுதானே?

மன்னம்பந்தல்_88:

தயவுசெய்து செய்யாதீர்கள். நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம், வாங்குவதும் குற்றம். நீங்கள் வாங்கும் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஆந்திரா பக்கம் புதரில் போய் நான்கைந்து பிடித்து வருவார்கள், வழியில் சாவது போக ஒன்று உங்களிடம் வரும். 2019இல் பன்னாட்டு வாணிகத்தையே முழுக்கத் தடை செய்தது இதனால்தான். கையில் இருப்பதை வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று தெரியாத இரண்டைச் சேர்த்தால் பிறக்கிற குட்டியை எந்தக் காட்டில் விடுவீர்கள்? அடைப்பில் வளர்க்கிற இடங்களில் ஒவ்வொரு விலங்குக்கும் எண் இருக்கும், அதன் தாய் யார், தந்தை யார், எந்த நாளில் பிறந்தது, எந்தப் பூங்காவிலிருந்து வந்தது என்று வம்சாவளிப் பதிவேட்டில் இருக்கும். வண்டலூரில் சிங்கவால் குரங்குகளுக்கு அப்படித்தான். ஒரே ஆண் திரும்பத் திரும்பத் தந்தையானால் நான்கைந்து தலைமுறையில் எல்லாம் அண்ணன் தங்கையாகிவிடும். அதனால் எந்த ஆணை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதையே அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். ஒரு கீப்பர் ஒரு நாள் காது அடையாளத்தைத் தவறாக எழுதினால் இருபது வருடம் கழித்துத் தவறான ஜோடி சேரும்.

ஓட்டுவீடு:

புரிந்தது. நாளைக்கே விசாரிக்கிறேன். அம்மாவுக்குத்தான் சொல்லத் தயக்கம், அவர் கையால் கீரை தின்று வளர்ந்தது.

உப்பங்கழி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப இதையே படிக்கிறேன்.

நான் முதல் பதிவில் கேட்டது வேறு. ஒரு நல்ல படிப்பு, ஒரு சான்றிதழ், அப்புறம் ஏதாவது ஒரு பெரிய விலங்கு, கானமயில் மாதிரி. ராஜஸ்தானில் அதை அடைப்பில் வளர்க்கிறார்கள், 2024இல் செயற்கைக் கருத்தரிப்பில் ஒரு குஞ்சுகூட வந்தது என்று படித்துவிட்டு அங்கே போக வேண்டும் என்று துடித்தேன். அந்த ஆசை போகவில்லை. ஆனால் என் கையில் இருக்கிற பொரிப்பகத்தில் தெர்மாமீட்டர் கணக்கையே முடிக்காமல் விட்டிருக்கிறோம் என்பது இப்போது உறுத்துகிறது. வருகிற தைக்கு முன்னால் கீற்று, நான்கு தெர்மாமீட்டர், ஒரு தடி நோட்டு வாங்கப்போகிறேன். எடுத்த நேரம், புதைத்த நேரம், யார் தூக்கி வந்தது, எல்லாம் எழுதுவோம். அது முடிந்ததும் வடநெம்மேலிக்குக் கடிதம் போடுவேன்.

அப்பாவிடம் கோழி முட்டைக்கும் ஆமை முட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், விசைப்படகு வலையில் சிக்கிச் செத்து ஒதுங்குகிற ஆமைகளுக்கு என்ன பதில் என்று கேட்டார். அவர் ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறவர், படகுக்காரர்கள் எல்லோரையும் தெரியும். ஆமை தப்பிக்கும் வளையத்தை வலையில் வைத்தால் மீன் போய்விடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள் என்றார். குரூப் 2 பேச்சு அன்று வரவில்லை, அவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

கொள்ளிடக்கரை ஐயா, உங்கள் ஊருக்கு நான் வரலாமா? எத்தனை முதலை இருக்கிறது என்ற கணக்கு வேண்டும் என்று அண்ணன் எழுதியிருந்தார். ராத்திரியில் டார்ச் அடித்தால் முதலையின் கண் சிவப்பாக மின்னும், அதை வைத்து எண்ணுவார்கள் என்று படித்திருக்கிறேன். எண்ணக் கற்றுக்கொள்ள ஆசை. சித்தப்பாவையும் பார்க்க வேண்டும், அவர் விரும்பினால் மட்டும்.

பழைய_கீப்பர்:

நானும் வருகிறேன் தம்பி. கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியை வைத்து அது எவ்வளவு பெரியது என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம், பழக்கித் தருகிறேன். மழை தொடங்கும் முன் தண்ணீர் வற்றியிருக்கும்போது எண்ணினால்தான் சரியாக வரும்.

கொள்ளிடக்கரை:

வாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இறங்கிவிட்டுக் கூப்பிடுங்கள், மருமகனை வண்டியோடு அனுப்புகிறேன். ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில். சித்தப்பாவிடம் சொன்னேன், எதற்கு வருகிறார்கள் என்று கேட்டார். எண்ண வருகிறார்கள் என்றேன். எந்த மடுவில் பெரியது படுக்கும் என்று தனக்குத்தான் தெரியும், தானே கூட்டிப்போகிறேன் என்கிறார்.

தண்ணீர் ஓரத்தில் யாரும் இறங்கக் கூடாது. பாலத்தின் மேலிருந்தும் மதகின் மேலிருந்தும் மட்டும்தான் டார்ச் அடிக்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் வாருங்கள்.